தொண்ணூற்றாறு ஆடுகள் போட்ட கையெழுத்து

வீட்டில் ஒருவன் வரலாறு படிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்கள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவனையும் கூட்டிக்கொண்டு போவார்கள். கொடிமரத்தைத் தாண்டுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "இத யாருப்பா கட்டினது?" காவிரிக் கரையில் பிறந்து வரலாறு படிப்பதில் உள்ள கஷ்டம் இது. எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சோழர் கோயில் வாசலில்தான் விழ வேண்டும்.

பி.ஏ. படிக்கும்போதே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். எந்தக் கோயிலானாலும் "முதலாம் பராந்தகன்". அவன் 907 முதல் 955 வரை ஆண்டவன். நாற்பத்தெட்டு வருஷம் ஆண்டவன் இந்த ஊரில் ஒரு கல்லையாவது எடுத்து வைக்காமலா போயிருப்பான் என்பது என் கணக்கு. கோயில் கொஞ்சம் பெரிதாக இருந்தால் முதலாம் குலோத்துங்கன். 1070-இல் பட்டத்துக்கு வந்த அவனும் ஐம்பது வருஷக் கணக்கு. கூட வந்திருப்பவர்கள் அத்தைமார்கள் என்றால், செங்கல்லாக இருந்ததைக் கருங்கல்லாக மாற்றியவர் செம்பியன் மாதேவி என்பேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தூணில் யாளி தாவிக்கொண்டு நின்றால் யோசிக்காமல் நாயக்கர். கொஞ்ச காலமே ஆண்ட ராஜாக்களுக்கு என் கையால் ஒரு திண்ணைகூடக் கிடைக்கவில்லை. பாவம் அரிஞ்சயன். பேரன் ராஜராஜன் மேல்பாடியில் அவனுக்கு ஒரு பள்ளிப்படை எழுப்பினானே, அதோடு சரி.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிர். சோழ ராஜாக்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை ஒருவர் விட்டு ஒருவர் வைத்துக்கொண்டவர்கள். ஆரம்பகாலக் கல்வெட்டுகள் பலவற்றில் ராஜாவின் சொந்தப் பெயரே இருக்காது. பரகேசரிக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று மட்டும் இருக்கும். விஜயாலயனும் பரகேசரி, பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. எழுத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், உள்ளே வரும் அதிகாரிகளின் பெயர் வேறு எங்காவது வருகிறதா என்று தேட வேண்டும். "அப்பவும் பிடிபடலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க" என்பார் எங்கள் பேராசிரியர். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமா கேட்டபோது பராந்தகன் என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. படிப்புக் காலத்தில் நான் அடித்த கூத்து எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான்.

வரலாற்றில் சேர்ந்ததே ஒரு பொய்யில்தான். பிளஸ் டூவில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அரசுக் கலைக் கல்லூரியில் காமர்ஸ் கிடைக்கவில்லை, பி.எஸ்ஸி. பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியவில்லை. "ஹிஸ்டரிதான் இருக்கு, போட்டுக்கவா?" என்று கேட்டார்கள். போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, "சின்ன வயசிலேர்ந்தே எனக்கு அதுலதாம்ப்பா ஆசை" என்றேன். அப்பா நம்பவில்லை. சாட்சிக்குப் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் எடுத்துக் காட்டினேன்.

அந்தச் சாட்சி முதல் இன்டர்னல் தேர்விலேயே காலை வாரிவிட்டது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்கா தெரியாது? கடம்பூர் மாளிகை, இருட்டு அறை, நந்தினியின் கண்ணீர் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டு, கூடுதல் தாள் வேறு வாங்கினேன். அந்தக் கொலை பற்றி நம்மிடம் இருக்கும் முக்கியமான சாட்சி காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் சொத்தைப் பறிமுதல் செய்வது பற்றிப் பேசுகிறது. அதில் மாளிகையும் இல்லை, நந்தினியும் இல்லை. நந்தினி கல்கியின் பேனாவில் பிறந்தவள். எனக்குக் கிடைத்தது பத்துக்கு இரண்டு. அதுவும் கையெழுத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பி.ஏ. மாணவர்களுக்கு இன்னொரு கண்டம் வரைபடக் கேள்வி. வெறும் எல்லைக்கோடு அச்சிட்ட இந்திய வரைபடத்தைக் கொடுத்து அசோகரின் பாறைக் கல்வெட்டு இருக்கும் இடங்களைக் குறிக்கச் சொல்வார்கள். முந்தின நாள் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்தேன். தேர்வில் கை நடுங்கி, கிர்நாரைக் கொண்டுபோய் ஒடிசாவில் வைத்துவிட்டேன். இடம் போன தௌலி குஜராத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முழு மதிப்பெண்ணும் போயிற்று. ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கலிங்கப் போரில் செத்தவர்களை நினைத்து அசோகர் வருந்தும் 13-ஆம் கல்வெட்டைக் கலிங்கத்தில் வெட்டவே இல்லை. தௌலியில் அதற்குப் பதிலாக, குடிமக்களை நல்லபடியாக நடத்தும்படி அதிகாரிகளுக்குச் சொல்லும் தனி உத்தரவுகள் இருக்கின்றன. வருத்தம் முழுவதும் கிர்நார் மாதிரித் தூரத்து ஊர்க்காரர்கள் படிப்பதற்கு. அடிபட்ட ஜனங்களுக்கு அது கண்ணில் படும்படி செய்தது என்னுடைய வரைபடம் மட்டும்தான். இந்தச் சமாதானம் எனக்குத் தோன்றியது பல வருஷம் கழித்து. அப்போது சொல்லியிருந்தாலும் யாரும் மதிப்பெண் கூட்டிப் போட்டிருக்க மாட்டார்கள்.

எம்.ஏ.வுக்குப் பல்கலைக்கழகம் போனதும் வரலாற்று வரைவியல் என்று ஒரு தாள் வந்தது. வரலாற்றை எப்படி எழுதினார்கள் என்பதன் வரலாறு. விடுதியில் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து வந்த நோட்ஸ் ஒன்றில் ராங்கே என்ற ஜெர்மானியரின் பெயரைக் கண்டுபிடித்தேன். மூல ஆவணங்களைப் பார்க்காமல் வரலாறு எழுதக் கூடாது என்று சொன்னவர் அவர். அந்தப் பெயரில் ஒரு கனம் இருந்தது. கட்டுரையில் எங்கே வாக்கியம் நொண்டினாலும் "ராங்கே கூறியதுபோல" என்று ஒரு முட்டுக் கொடுத்தேன். விஜயநகர வரி விதிப்புக்கும் ராங்கே, நீதிக்கட்சிக்கும் ராங்கே. ஒருநாள் கருத்தரங்கில் பேராசிரியர் கேட்டார்:

"ராங்கே என்னய்யா எழுதினார்?"

"வரலாறு எழுதினார் சார்."

"யாரோட வரலாறு?"

அப்போதாவது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ராஜாக்களோட வரலாறு சார்" என்றேன். எந்த நூற்றாண்டுக்கும் பொருந்துகிற பதில் அல்லவா? அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ராங்கேயின் முதல் புத்தகம் 1824-இல் வந்தது, பிறகு அவர் போப்பாண்டவர்களின் வரலாற்றை எழுதினார், அதற்காக வெனிஸ் நகரத் தூதர்கள் ஊருக்கு அனுப்பிய அறிக்கைகளைத் தேடித் தேடிப் படித்தார் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, "மூல ஆவணத்தைப் பாருன்னு சொன்ன மனுஷனையே நோட்ஸ்ல பாத்தவன் நீ ஒருத்தன்தான்" என்று முடித்தார். அந்த ஒருவன் நான் இல்லை, அந்த நோட்ஸை எனக்குக் கொடுத்தவன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சொல்லவில்லை.

கல்வெட்டியல் தாளை மட்டும் ஆசையாகத்தான் எடுத்தேன். எழுத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பிறகு யாருக்கும் பயப்பட வேண்டாமே. ஆனால் சோழர் காலக் கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. குறில் 'எ'வுக்கும் நெடில் 'ஏ'வுக்கும் வித்தியாசம் கிடையாது. 'ர'வும் துணைக்காலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 'மரம்' என்று வெட்டியிருப்பதை 'மாம' என்று படிக்க எல்லா நியாயமும் உண்டு. என்னால் தடுமாறாமல் படிக்க முடிந்தது ஆரம்பத்தில் வரும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' மட்டும். அதைக் கணீரென்று படித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ படி" என்று பக்கத்தில் நிற்பவனிடம் விட்டுவிடுவேன்.

படி எடுக்கும் வேலையிலும் பெயர் வாங்கவில்லை. கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கிய பிறகு மை ஒற்ற வேண்டும். நான் தட்டிய தட்டில் ஒரு தாள் கிழிந்தது. மறு தாளில் மை எழுத்துக்குள்ளும் போய்விட்டது. மிச்சம் என் சட்டைக்கு.

ஒரு கிராமத்துக் கோயிலில்தான் என் புகழ் உச்சத்துக்குப் போனது. அன்று பேராசிரியர் என்னையே முழுக்கப் படிக்கச் சொல்லிவிட்டார். நுந்தா விளக்குக் கல்வெட்டு. அணையா விளக்குக்காகக் கோயிலுக்கு ஆடு விடுவார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடு. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் குட்டிகள் ஈடாகிவிடும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பார்கள். என்றைக்கும் தொண்ணூற்றாறு குறையாது. இத்தனையும் பாடத்தில் படித்திருந்தேன். எனவே 'ஆடு தொண்ணூற்றாறு' வந்ததும் தைரியம் பிறந்து, குரலை உயர்த்தி, நிற்காமல் அடுத்த கல்லுக்குத் தாவினேன். அந்த அடுத்த கல், திருப்பணியின்போது யாரோ இடம் மாற்றி வைத்த கல். அதில் இருந்தது வேறொரு நில விற்பனையின் கடைசிப் பகுதி, சபையார் கையெழுத்திடும் இடம். என் வாசிப்பின்படி, தொண்ணூற்றாறு ஆடுகளும் சபையில் கூடி இவை எங்கள் எழுத்து என்று கையொப்பம் வைத்தன.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்தக் காலத்துல ஆட்டுக்கும் படிப்பு இருந்திருக்கு. உனக்குத்தான் வரலை."

அதன் பிறகு விடுதியில் எனக்குப் பேராடு என்று பெயர். கதவைத் தட்டுகிறவர்கள் தட்டுவதற்குப் பதிலாக மே என்று கத்தினார்கள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டபோது, 'தஞ்சை மாவட்ட நீர்ப்பாசனம்: தொன்மைக் காலம் முதல் இன்று வரை' என்று எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் பார்த்துவிட்டு, "கரிகாலன்லேர்ந்து மேட்டூர் அணை வரைக்கும் நீயே பாத்துக்கப் போறியா?" என்றார். வெட்டி வெட்டி, கடைசியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் குடிமராமத்து என்று சுருங்கியது. ஊர்க்காரர்களே கூடி வாய்க்காலையும் ஏரியையும் தூர்வாரும் வழக்கம் அது. கம்பெனி ஆட்சியில் அது தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் ஆட்களை வேலைக்கு வரவைக்க 1858-இல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டியதாயிற்று. நல்ல தலைப்பு. கெட்டிக்காரன் கையில் கிடைத்திருந்தால் நல்ல புத்தகமாகியிருக்கும்.

அதற்காகத்தான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பதினேழாம் நூற்றாண்டுக் கம்பெனிக் காகிதம் முதல் அங்கே இருக்கிறது என்பார்கள். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், ரெவின்யூ போர்டு நடவடிக்கைகளின் கட்டு ஒன்று மேஜைக்கு வரும். தொட்டால் உதிரும் தாள். பழுப்பு மசியில், காற்றில் சாய்ந்த நாற்றங்கால் போல எழுத்து. முதல் வாரம் முழுக்க எனக்குத் தெளிவாகத் தெரிந்தது தேதி மட்டும்.

அப்புறம் கண் பழகியது. பழகியதும் ஒரு புதிய வரியைக் கண்டுபிடித்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'அஃப்செஃப்ஸ்மெண்ட்' என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. அகராதியில் இல்லை. யாரும் இதைப் பற்றி எழுதியதாகவும் தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. பசலி, ஜமாபந்தி, கிஸ்தி என்று ரெவின்யூ இலாகாவில் வழங்கும் சொற்கள் பல அரபு, பாரசீக வழியாக வந்தவைதானே. இதுவும் நவாப் காலத்துப் பழைய வரியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். நஞ்சைக்கும் உண்டு, புஞ்சைக்கும் உண்டு, ஏழை பணக்காரர் எல்லோரும் கட்டியிருக்கிறார்கள். இதற்கென்றே தனி இயல் எழுதி, அதன் கொடுமையைக் கண்டித்தும் ஒரு பத்தி எழுதி, நெறியாளரிடம் நீட்டினேன்.

அவர் அந்தச் சொல்லை ஆவணத்தில் உள்ளபடியே எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் இரண்டு 'எஸ்' சேர்ந்து வந்தால் முதல் எழுத்தை 'எஃப்' போல நீட்டி எழுதுவார்கள். "தம்பி, இது அசெஸ்மெண்ட்" என்றார். வரி விதிப்பு என்பதுதான் அதற்குப் பொருள். எல்லோரும் கட்டியதில் ஆச்சரியம் இல்லை. தனி இயல் குப்பைக்கூடைக்குப் போனது.

மேலே சொன்னதெல்லாம் நாலு பேர் பார்த்துச் சிரித்து, திருத்தி, முடிந்துபோன விஷயங்கள். இனிச் சொல்லப்போவது இன்னும் முடியவில்லை.

ரெவின்யூ கணக்கு பசலி ஆண்டில் நடப்பது. ஜூலை முதல் தேதி தொடங்கும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் கிறிஸ்து ஆண்டு வரும். பசலி 1246 என்றால் 1836. ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணை கட்டத் தொடங்கிய வருஷம். என் ஆய்வேட்டில் மூன்று அட்டவணை. இரண்டில் ஒழுங்காகக் கூட்டினேன். மூன்றாவதைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் அவசரத்தில் கூட்ட மறந்து, ஆனால் தலைப்பில் 'கி.பி.' என்று மட்டும் மறக்காமல் போட்டுவிட்டேன். ஆக, மராமத்துச் செலவு ரூபாய் அணா பைசா கணக்கில் கி.பி. 1246-இல் தொடங்குகிறது. மூன்றாம் ராஜேந்திரன் சோழ சிம்மாசனம் ஏறிய வருஷம். சோழ நாடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் கலெக்டர் வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருக்கிறார்.

இதைப் பார்த்தது ரெக்ஸின் அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்து, பிரதிகளைக் கொடுத்துவிட்டு வந்த ராத்திரி. நெறியாளரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, சரியாக அந்தப் பக்கத்தில் நின்றார். நெற்றியைச் சுருக்கினார்.

"பதிமூணாம் நூற்றாண்டுலயே குடிமராமத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். அதுக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல ஏரி வாரியம் இருந்திருக்கு. பராந்தகன் காலம், 919, 921."

சொன்ன தகவல் என்னவோ சரி. அந்த அட்டவணைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, "பரவாயில்லை, அகலமாப் படிச்சிருக்கான்" என்று எழுதினார். பராந்தகன் அன்றும் கைவிடவில்லை.

பட்டம் வாங்கியும் புத்தி வரவில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் பெரியம்மாவை அழைத்துப் போனபோது, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நிழல் எங்கள் காலடியிலேயே விழுந்து கிடந்தது. காட்டினேன். பெரியம்மா முகம் வாடிவிட்டது. "அப்ப நாங்க இத்தனை வருஷமாச் சொன்னதெல்லாம் பொய்யாடா?" என்றார். உடனே, "இல்ல பெரியம்மா, உச்சி வேளையில பாத்தா நிழல் அடிப்பகுதிக்குள்ளயே அடங்கிடும், அதைச் சொல்லியிருப்பாங்க" என்று வழுக்கினேன். பேரப்பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

இதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகப் போட்டித் தேர்வில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தியாவின் முதல் சுதந்திரப் போர் எது என்று கேட்டு நான்கு விடை கொடுத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒரு நொடியில் 1857 என்று கட்டத்தை நிரப்பியிருப்பான். எனக்கு அப்போது பார்த்தா சந்தேகம் வர வேண்டும்? 1806 வேலூர்ப் புரட்சி முந்தியதாயிற்றே; 1800–1801 தென்னிந்தியக் கிளர்ச்சியைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று கே. ராஜய்யன் 1971-இல் புத்தகமே எழுதியிருக்கிறாரே. 1857-க்கு அந்தப் பெயரைப் பரப்பியது சாவர்க்கரின் 1909-ஆம் வருஷப் புத்தகம் அல்லவா என்று யோசித்துக்கொண்டே, கட்டத்தைக் காலியாக விட்டேன். வேதியியல் கேள்விகளில் குருட்டாம்போக்கில் அடித்தது பலவும் சரியாக இருந்தது. வரலாற்றுப் பட்டதாரியான எனக்கு அரசு வேலை வாங்கிக் கொடுத்ததில் வேதியியலுக்கு நல்ல பங்கு உண்டு.

போன வருஷம் ஓர் ஆராய்ச்சி மாணவி எப்படியோ நம்பரைக் கண்டுபிடித்துப் போனில் அழைத்தார். துறை நூலகத்தில் என் ஆய்வேட்டைப் பார்த்தாராம். "சார், குடிமராமத்துக்குப் பதிமூணாம் நூற்றாண்டுப் புள்ளிவிவரம் நீங்க ஒருத்தர்தான் கொடுத்திருக்கீங்க. அந்த ஆவணம் எங்க சார் கிடைச்சது?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது பழைய கட்டும்மா, இப்ப இருக்கோ என்னமோ" என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். திரும்ப அழைத்துச் சொல்லிவிடலாம் என்று எண்ணைக் குறித்து வைத்தேன். இன்னும் அழைக்கவில்லை.

எனவே, அம்மா, இது உங்கள் கண்ணில் படும் என்று நம்பி எழுதுகிறேன்: மூன்றாம் அட்டவணையை எடுத்தாள வேண்டாம். எடுத்தாண்டுவிட்டீர்கள் என்றால், ஒவ்வொரு வருஷத்தோடும் 590 கூட்டிக்கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்கையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.